ஒன்பதாம் எண் ஜெர்சிக்குள் நான்

பெண் கேட்கப் போன வீட்டில் ஒரு பொய்கூடச் சொல்லாமல் திரும்பிய ஆண் யாராவது இருந்தால், அவரை நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும். நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் அவர்கள் கேட்டதால்தான் சொன்னேன்.

தர்ஷினியின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். சிட்னியில், கிரவீனில் வீடு. மதுரைக்காரனான என்னைக் கதிரையில் உட்காரவைத்து, வேலை, விசா, சொந்தபந்தம் எதையும் விசாரிக்காமல், "தம்பி ஃபுட்போல் விளையாடுவீரோ?" என்று மட்டும் கேட்டார். "காலேஜ் டீம்ல ஃபார்வர்டு, அங்கிள்" என்றேன். (டீமில் இருந்தது உண்மைதான். பந்துக்குக் காற்றடிப்பதும், இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை கொடுப்பதும் என் இலாகா.) அவர் முகம் மலர்ந்தது. அங்கிள் மாமா ஆனார். அந்தப் பொய்யும் சில வருடங்கள் யாரையும் தொந்தரவு செய்யாமல் சமர்த்தாகக் கிடந்தது.

மாமா தன் பழைய கல்லூரியின் சிட்னிக் கிளைத் தலைவர். மெல்பேர்ன் கிளைக்குத் தலைவர் கிளென் வேவர்லியில் இருக்கும் ஒரு டாக்டர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அங்கே யார் முதல் மார்க் என்ற தகராறு இன்னும் தீராததால், வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கிளைகளும் கால்பந்தில் மோதிக்கொள்ளும். மெல்பேர்ன் ஏற்கெனவே தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்திருந்தது. மூன்றாவது முறையும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே. அந்த வருடம் மாமா சரியாகத் தூங்கவே இல்லை.

அவருடைய ஒரே நம்பிக்கை கஜன். அந்த வருடம்தான் அணிக்கு வந்தவன். பந்து அவன் காலுக்கு வந்தால், போய்ச் சேருகிற இடம் எதிரணியின் வலைதான். அகதியாகப் படகில் வந்தவன், தற்காலிக விசா, வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்பதால் வருடக்கணக்காக அம்மாவைப் பார்க்காதவன். அவன் அம்மா ஊரிலிருந்து எங்கள் ஆட்டங்களின் நேரலையை ஒன்று விடாமல் பார்ப்பார். தர்ஷினிதான் போனில் நேரலை எடுப்பாள். அந்த அம்மாவுக்கு கோல் எது, கார்னர் எது என்று தெரியாது. ஒன்பதாம் எண் ஓடுகிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

மெல்பேர்னோடு மோதுவதற்கு முந்தைய வாரப் பயிற்சியில் அந்த ஒன்பதாம் எண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. உள்ளே தசைநார் கிழிந்துவிட்டதாம். இரண்டு ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று மாலையே மாமா வீட்டு கராஜில் அவசரக் கூட்டம். ஒருவர் நல்லெண்ணெய் என்றார். ஒருவர் ஊசி போட்டு இறக்கலாம் என்றார் (அவர் வங்கியில் வேலை பார்ப்பவர்). கடைசியில் மாமாவின் பார்வை, தேநீர்த் தட்டோடு நின்ற என் தாடியில் வந்து நின்றது.

"மெல்பேர்ன்காரர் ஒருத்தரும் கஜனைக் கிட்டத்தில பாத்ததில்லை. நேரலையில தூரத்தில பாத்ததுதான். தாடி, உயரம், ஒன்பதாம் நம்பர், அவ்வளவுதானே? எங்கட மருமகன் ஃபோர்வேட் விளையாடினவர். சங்க விதிப்படி மருமகன்மாரும் பழைய மாணவர்தான்."

திட்டம் எளிமையானது. நான் கஜனாக இறங்க வேண்டும். அவர்கள் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை என்மேல் ஏவி விடுவார்கள். மற்றவர்கள் நிம்மதியாக கோல் அடிப்பார்கள். "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம் தம்பி. சும்மா அங்க இங்க ஓடுங்கோ. வாயை மட்டும் திறந்திடாதேங்கோ, மதுரை வெளிய வந்திடும்."

மூலையில் உட்கார்ந்திருந்த கஜன் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஏணியில திரும்ப எப்ப ஏறலாம் எண்டு ஆருக்கும் தெரியுமோ?" பதிலுக்கு ஒருவர் அவனிடம் ஜெர்சி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

போட்டி பென்டில் ஹில் பக்கத்து மைதானத்தில். உண்மையான கஜனை மாமாவின் வேனுக்குள் ஒளித்து வைத்தார்கள். முதுகில் "கஜன்" என்று கொட்டை எழுத்தில் போட்ட ஜெர்சியில் நான் இறங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டம் பலித்தது. இரண்டு மெல்பேர்ன் மலைகள் எனக்கு இருபுறமும் ஒட்டிக்கொண்டார்கள். நான் ஓடினால் ஓடினார்கள். நான் நின்று ஷூ லேஸ் கட்டினால் அவர்களும் நின்று காவல் காத்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனபோதும் ஒருவர் கூட வந்தார். (கல்யாண மாப்பிள்ளையாக இருந்தபோதுகூட என்னை யாரும் இவ்வளவு கவனிக்கவில்லை.) அந்த இடைவெளியில் நம் பையன்கள் ஒரு கோல் அடித்துவிட்டார்கள். மாமா மைக்கைப் பிடுங்கி வர்ணனையை அவரே ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாம் பாதியில் வந்தது வினை. மலைகளில் ஒன்று அதிக ஆர்வத்தில் என்மேல் சாய்ந்தது. கோல் பெட்டிக்குள் நான் குப்புற விழுந்தேன். நடுவர் பெனால்டி கொடுத்தார்.

எங்கள் அணியில் பெனால்டி எப்போதும் கஜன்தான் அடிப்பான். அது மெல்பேர்ன் வரை தெரியும். கூட்டம் "கஜன்! கஜன்!" என்று கத்த, மாமாவும் தன்னை மறந்து மைக்கில், "கஜன் அடிச்சால் வேற பேச்சில்லை!" என்றார். மனிதர் தான் போட்ட திட்டத்தைத் தானே நம்பிவிட்டார்.

ஓடி வந்தேன். பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உதைத்தேன். தரை பெயர்ந்தது. ஷூ நுனி லேசாகப் பட்டதில் பந்து, கோயிலுக்குப் போகிற மாதிரி நிதானமாக நடந்தது. கஜன் மேலிருந்த பயத்தில் கோல்கீப்பர் ஏற்கெனவே ஒரு பக்கம் பாய்ந்து படுத்திருந்தார். எழுந்து, மண்ணைத் தட்டி, திரும்பி வந்து, குனிந்து பந்தை எடுத்துக்கொண்டார். அதற்குள் நான் முழங்காலைப் பிடித்தபடி, "ஐயோ அம்மா!" என்று அலறி உருண்டுகொண்டிருந்தேன்.

தர்ஷினி போனைக் கீழே இறக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தாள். ஆனால் நேரலையை நிறுத்தவில்லை. ஆக, ஊரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: ஒன்பதாம் எண் விழுந்தது, "அம்மா" என்று கத்தியது, அப்புறம் வெறும் புல்.

வேனுக்குள் கஜனின் போன் அடித்தது. அவன் எடுத்து என்ன சொன்னாலும் அவன் அம்மா நம்பவில்லை. "ஆசுபத்திரியில இருந்து பொய் சொல்லுறாய்" என்று அழுதிருக்கிறார். வேன் கதவு திறந்தது. ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, கஜன் மைதானத்தின் நடுவுக்கு வந்தான். தர்ஷினியிடம் சொல்லிக் கேமராவைத் தன் பக்கம் திருப்ப வைத்தான்.

"அம்மா, வடிவாப் பாருங்கோ. விழுந்தது நானில்லை. நான் நல்லா இருக்கிறன்."

அம்மாவின் அழைப்பு இன்னும் அவன் போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அப்ப அதென்னடா கையில, ரெண்டு பக்கமும்?"

மெல்பேர்ன் டாக்டர் கஜனைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார். "அப்ப நீர் ஆர்?"

"மருமகன்" என்றேன். "எந்த வருசத்து பட்ச்?" என்றார். நான் முழங்காலைக் காட்டி மறுபடி முனகினேன். அவர் என் முழங்காலை அங்கே இங்கே அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, பயத்தில விழுந்திருக்கிறார்" என்று அறிவித்தார்.

அதற்குள் கஜனின் அம்மா, "பிரசிடென்ட் ஐயாட்டக் குடு" என்றார். மாமா ஒரு கையில் போனும் மறு கையில் அணைக்க மறந்த மைக்குமாக நின்றார். எல்லா ஸ்பீக்கரிலும் அந்தக் குரல் கேட்டது.

"ஐயா, கால் ஏலாத பிள்ளைக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது?"

கராஜில் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம், எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா மைக்கை இறக்காமலே சொன்னார். "எங்கட வீட்டிலதான் அம்மா. இண்டையில இருந்து."

பிறகு ஆட்டம் தொடர்ந்தது. என்னைக் காவல் காக்கும் வேலை போய்விட்டதால் மலைகள் இரண்டும் முன்னால் வந்து மூன்று கோல் அடித்தன. கோப்பை இப்போது கிளென் வேவர்லியில் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் நிரந்தரமாக இருக்கிறது. போகிறவர்களுக்கெல்லாம் கதையோடு சேர்த்துக் காட்டுகிறாராம்.

கஜன் ஏணி ஏறும்வரை மாமா வீட்டில்தான் இருந்தான். நானும் நொண்டியபடி பக்கத்தில் போய் உட்காருவேன். மாமி அவனுக்கு மட்டும் சூப் கொடுப்பார். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து, பளபளவென்று இருந்து உள்ளே ஒன்றுமில்லாத எதற்கும் "ஜெர்சிக் கஜன்" என்றுதான் பெயர். தர்ஷினி கடையில் மாம்பழத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது ஜெர்சிக் கஜன், வையுங்கோ" என்பாள். என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்.

போன வருடம் கஜனுக்கு பி.ஆர்., அதாவது நிரந்தர விசா, கிடைத்தது. அம்மா விசிட்டர் விசாவில் வந்து இறங்கினார். முதல் விருந்து மாமா வீட்டில். உள்ளே வந்ததும் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "அண்டைக்கு விழுந்தது ஆர்?" என்று கேட்டார். குடும்பமே ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குனிந்து என் முழங்காலைத் தடவினார்.

"என்ர பிள்ளை எண்டு நினைச்சு அண்டைக்கு உமக்காகத்தான் தம்பி அவ்வளவும் அழுதனான்" என்றார். "அழுதது அழுததுதானே, இனித் திருப்பி எடுக்கேலாது. சாப்பிடும்."

என் தட்டில் முதல் இடியப்பத்தை அவரே வைத்தார். கஜனுக்கு அதற்கப்புறம்தான்.