மாடி ஏறாத படங்கள்

நீள மேசையின் மேற்குக் கோடியில் மாலைப் பத்திரிகையின் நிர்வாகி பெருமாள்சாமி. கிழக்குக் கோடியில், அதே கட்டடத்து மாடியில் இயங்கும் கேபிள் சேனலின் நிர்வாகி சண்முகவள்ளி, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு. கதவோரம் டீ பிளாஸ்க்குடன் புஷ்பமேரி. நட்டநடுவில், 2003இல் ஒரு திங்கட்கிழமை காலை புதிதாக வேலைக்குச் சேர்ந்த பாலசமுத்திரத்துக் கம்ப்யூட்டர்க்காரன் முகேஷ்குமார்.

இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான், குஜிலியம்பாறையில் இருந்தார். கீழே ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு, மேலே வேறொன்று. கீழே உள்ள படம் மேலே போக வேண்டும். மேலே உள்ளது கீழே வர வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா மூட்டையைக் கட்டிரு அப்பு" என்று முகேஷ்குமாரிடம் சொல்லியே அனுப்பியிருந்தார்.

"அந்தம்மாவுக்கு என் படம் எதுக்காம்? கேட்டுச் சொல்லுங்க," என்றார் பெருமாள்சாமி.

அந்தம்மா அதே மேசையில்தான் இருந்தார்.

"ஓசியில வாங்குற பழக்கம் எங்க சேனலுக்கு இல்லைன்னு சொல்லிருங்க தம்பி."

முகேஷ்குமாருக்குச் சுருக்கென்றது. படித்த படிப்பு தூது போகவா?

மதியம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் டிபன் கேரியரைத் திறந்தார்கள். இரண்டிலும் பீர்க்கங்காய் வெஞ்சனம். ஒரே மெஸ்ஸில் சாப்பாடு வாங்கலாம், ஒரே கம்பியில் படம் அனுப்பத்தான் வலிக்கிறதாக்கும் என்று பொருமிக்கொண்டே மாடிக்குக் கம்பி இழுத்தான்.

படங்கள் ஏறின. ஒவ்வொன்றின் மூலையிலும் பத்திரிகையின் பெயர்.

"அவுக பேரு என் சேனல்ல வரக்கூடாது!"

பெயரை அழித்தான்.

"என் பேரை அழிக்க நீ யாருய்யா?" பெருமாள்சாமி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். பதிலுக்கு மாடியிலும் பூட்டு விழுந்தது.

"ஏனுங்க, ரெண்டு பக்கமும் பூட்டுனா நான் எந்தச் சந்துல நுழையறதுங்க?"

"அது உம்ம பாடு," என்றார் பெருமாள்சாமி.

வந்ததே கோபம்! யாரையும் கேட்காமல், பூட்டைத் தாண்டிப் படங்கள் தாமாகவே போய்வர ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டான். மேலேயும் கீழேயும் படங்களுக்கு ஒரே வரிசை எண்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. எண் ஒத்த படங்களெல்லாம் இடம் மாறிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை மாலை, சேனலில் 'மணநாள் காணும் தம்பதியருக்கு வாழ்த்து'. பூப்போட்ட சட்டத்துக்குள் அய்யலூர்ச் சந்தை ஆடுகள் இரண்டு. பத்திரிகையில் 'கிடாய் விலை கிடுகிடு உயர்வு'. அதன் கீழே மாலையும் கழுத்துமாக ஒரு கவுன்சிலரும் மனைவியும்.

மேலிருந்து ஒருவர், கீழிருந்து ஒருவர். படிக்கட்டுத் திருப்பத்தில், முகேஷ்குமாருக்கென்று போட்டிருந்த மேசை முன்னால் முட்டிக்கொண்டார்கள்.

"இவன் பண்ணுன கூத்தைப் பாத்தீகளா?"

"பாத்தேன் வள்ளி. அந்தக் கிடாய் முழிக்கிற முழியைப் பாத்தியா?"

"கவுன்சிலர் வீட்டம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க இவனை விடாதீக!"

ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவர் எடுத்துக்கொடுத்தார். நடுநடுவே சிரிப்பு வேறு.

முகேஷ்குமார் பேனாவைத் திறந்தான். 'ஐயா, முகம் பார்த்துப் பேசாத இருவரும் இன்று ஒன்றாக நின்று, சிரித்துச் சிரித்து என்னை ஏசினார்கள். படம் பகிரும் வேலை பாழ். இந்த அநியாயத்துக்கு என்னால் ஆகாது. ராஜினாமா.' கவரில் பசை தடவி, எதிரியின் கழுத்தை அமுக்குவதுபோல் அமுக்கி ஒட்டினான்.

"குஜிலியம்பாறை பஸ்ஸுல குடுத்து விட்டுருங்கக்கா. ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துக்கிட்டதை முதலாளி படிச்சுப் பாக்கட்டும்ங்க!"

புஷ்பமேரி கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். "படிச்சா உங்களை விடவே மாட்டாரு தம்பி. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கெடக்குற மகளும் மருமகனும் பேசிக்கிடணும்னுதானே இந்தப் படம் மாத்துற வேலையையே ஆரம்பிச்சாரு!"