மாமனாருக்குப் போட்ட இலை

செத்துப்போன மாமனாரின் சாப்பாட்டில் கை வைப்பது என்று குணாளன் முடிவெடுத்தபோது அவனுக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை. அவ்வளவு பசி.

எல்லாம் உலு திராம் பல் கிளினிக்கில் ஆரம்பித்தது. ஆடுகிற கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனவனை டாக்டரம்மா எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார். பல் வலிக்கு எடை எதற்கு என்று கேட்டான். உடம்பு ஊத ஊதச் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் பல் ஆடும், பல் ஆடினால் கடிக்கிற காய்கறியை விட்டுவிட்டு மெத்தென்ற கேக்கை விழுங்குவீர்கள், உடம்பு இன்னும் ஊதும் என்றார். எடை குறையாவிட்டால் மிச்சப் பல்லும் போகும் என்றார். அதைக் கிளினிக் வாசலிலேயே மறந்துவிட்டு வரலாம் என்றுதான் குணாளன் நினைத்தான். ஆனால் பக்கத்தில் மனைவி கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அது விளையாட்டில்லை. அவள் அப்பா சபாபதிக்கும் முதலில் பல்தான் ஆடியது. ஒவ்வொன்றாகக் கொட்டி, பொக்கை வாயோடு இனிப்பையே தின்று, காலில் வந்த புண் ஆறாமல் போய்ச் சேர்ந்தார். புருஷனும் அந்த வழியிலேயே போய்விடுவானோ என்று அவள் நிஜமாகவே பயந்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஓட்ஸ் கஞ்சி, தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய்.

தீபாவளிக்கு முதல் நாள் சபாபதிக்குப் படையல். வாழையிலையில் ஆட்டுப் பிரட்டல், கோழி வறுவல், பக்கத்தில் ஒரு பாட்டில் கறுப்பு பீர். விளக்கேற்றிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டார் வெளியே நிற்க வேண்டும். செத்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிடுவார். பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இத்தனை வருடத்தில் இலையில் ஒரு பருக்கை குறைந்ததில்லை. இந்த முறை குறைந்தால், அப்பாவே வந்தார் என்று கஸ்தூரி ஆனந்தக் கண்ணீர் விடுவாள். மகளுக்கும் சந்தோஷம், மருமகனுக்கும் கறி.

விளக்கேற்றிக் கதவைச் சாத்தியதும், பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டு சந்திரமதியிடம் போய் வருவதாகச் சொல்லிவிட்டுக் கஸ்தூரி நகர்ந்தாள். இவர்களுடையது மூலை வீடு, சுற்றிப் பின்பக்கம் போக வழி உண்டு. கொஞ்சம் பொறுத்துக் குணாளன் பின்கதவு வழியாக நுழைந்தான்.

பள்ளிவாசலில் அந்திநேர மக்ரிப் பாங்கு ஓய்ந்திருந்தது. கூடத்தில் விளக்கைத் தவிர வேறு வெளிச்சமில்லை. சாம்பிராணிப் புகை மாமனாரின் படத்தை மறைத்து மறைத்துக் காட்டியது. குணாளன் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆட்டுக்கறியில் ஒரு துண்டை ஆடாத பல் பக்கமாகத் தள்ளி மென்றான்.

கடுக்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை. அறைத் திரைக்குப் பின்னால் யாரோ அவசரமில்லாமல், நன்றாகக் கடித்து மென்றுகொண்டிருந்தார்கள். காற்றாடி ஓடவில்லை, ஆனாலும் திரை அசைந்தது. செத்த பிறகு பல் முளைக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

“மாமா,” என்றான் வாயில் கறியோடு. “தெரியாம கை வச்சிட்டேன் மாமா. இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கறி.”

கடுக்.

“தீபாவளிக்கு மட்டும்.”

மொடுக், மொடுக். இப்போது சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது போலிருந்தது. விளக்குச் சுடர் சாய்ந்தது. குணாளன் இலைக்கு முன்னால் குப்புற விழுந்தான்.

“பல்லு இறுகுற வரைக்கும் தொடவே மாட்டேன். கஸ்தூரி குடுக்கறதுதான் சாப்பாடு. காலையில நடக்கிறேன். சத்தியம் மாமா.”

சத்தம் நின்றது. அந்த அமைதி அதைவிடப் பயங்கரமாக இருந்தது. முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்து, மறுபடி அதை இழுத்துச் சாத்தினான்.

சற்று நேரத்தில் கஸ்தூரி வீட்டைச் சுற்றிக்கொண்டு காலித் தட்டோடு வந்தாள். சந்திரமதி வீடு அந்தப் பக்கமே இல்லை. சேலை முன்பக்கமெல்லாம் முறுக்குத் தூள். குணாளனுக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே கறி ஆசையும் திரும்பியது.

“நீதானா அது? ஏமாத்தி வாங்கின சத்தியம் செல்லாது லா.”

அவள் ஒளிக்கவில்லை. “நான்தாங்க. நீங்களும் அப்பா மாதிரி போயிடுவீங்களோன்னு பயம், அதான்.” பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். “ஆனா நீங்க ஞாயித்துக்கிழமைன்னு சொன்னப்பவே என் முறுக்கு தீந்துபோச்சு. உங்க முதுகுக்குப் பின்னாலயே நழுவி வெளிய வந்துட்டேன். சத்தியம்னு சொல்றீங்களே, அதை யாருக்குப் பண்ணீங்க?”

அவள் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்கக் குணாளனுக்குத் தைரியம் வரவில்லை.

“கதவைத் தட்டிட்டு நீ முதல்ல போ,” என்றான். “போய்க் கொஞ்சம் கஞ்சி வை.”