காது பாயும் என் வண்டியின் காதும்

கொடைக்கானலில் ஓடும் வண்டிகளில் பாதி, காது பாய்க்குப் பயந்துதான் ஒழுங்காக ஓடுகின்றன. மீதிப் பாதி அவர் கைபட்டதால்தான் நின்றுபோயின என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் அவருடைய ஒர்க்‌ஷாப் இருக்கும் தெருவில் நின்று அதைச் சொல்லும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் காது பாய். ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் வைப்பார். பிடியைக் காதோரம் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது தும்மினால் தொலைந்தார்கள். ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, "மூணாவது சிலிண்டர் சளி புடிச்சுக் கெடக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில்தான் கோளாறு இருக்கும்.

ஒருமுறை ஒரு கல்யாண விருந்தில், பிரியாணியில் கை வைத்தவர் சட்டென்று விரலை உயர்த்தினார். பந்தியே அடங்கியது. "ஜெனரேட்டர்ல பேரிங் போகப்போவுது" என்றார். மாப்பிள்ளையின் மாமா, "பாய், புது ஜெனரேட்டருங்க, நீங்க சாப்புடுங்க" என்று சிரித்தார். மறுசோறு வருவதற்குள் மண்டபம் இருண்டுவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து பாயின் குரல் வந்தது: "அந்தத் தால்ச்சாவ இப்படித் தள்ளுங்க."

எல்லாம் சரி, ஒரே ஒரு குறை. தப்பு என்ற சொல் அவர் வாயில் நுழையாது. என் நண்பன் ஒருவனின் ஸ்கூட்டரில் ஹாரனைச் சரி செய்து கொடுத்தார். அதிலிருந்து ஹாரன் அடித்தால் ஹெட்லைட்டும் கூடவே எரிந்தது. அவன் போய்க் கேட்டதற்கு, "ஏலே, இது பனி இறங்குற ஊரு. சத்தமும் வேணும், வெளிச்சமும் வேணும். ரெண்டையும் சேத்தே குடுத்துருக்கேன். போ" என்று அனுப்பிவிட்டார். அவனும் நன்றி சொல்லிவிட்டு வந்தான் என்பதுதான் வேடிக்கை.

அப்போது நான் இப்போதுபோல எழுதிப் பிழைக்கவில்லை. காய்கறி ஏற்றிப் பிழைத்தேன். வீடு அய்யம்பாளையத்தில். காலையில் வத்தலக்குண்டு சந்தையில் காய் ஏற்றிக்கொண்டு மலையேறி, கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் மெஸ்ஸில் ஒன்பது மணிக்குள் இறக்க வேண்டும். அந்த ஒரு சப்ளைதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. வண்டி, மூன்று பேர் ஓட்டிக் கழித்துவிட்ட ஒரு பழைய பெட்ரோல் பிக்கப்.

மார்கழி பிறந்த முதல் நாள். மலைப்பாதையில் டம்டம் பாறையைத் தாண்டியதும் டாஷ்போர்டில் முருகன் படத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. முதலில் பார்க்கப் பக்தியாகத்தான் இருந்தது. அடுத்த ஏற்றத்தில் வண்டி மாடு போலப் படுத்துக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. தினமும் இதே கதை. காய் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

திண்டுக்கல்லில் ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குப் போனேன். வயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "நாக் சென்சார்ல கோளாறுன்னு காட்டுதுங்க" என்றார்கள். இன்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்தால் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வருமாம். அதைக் கேட்பதற்கு இன்ஜின் பக்கவாட்டில் பெரிய நட்டு மாதிரி ஒன்றை முடுக்கியிருக்கிறார்கள். அது தட்டல் கேட்கிறது என்று சொன்னால், வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்துவிடும். புது சென்சார் போட்டார்கள். மறுநாள் டம்டம் பாறை தாண்டியதும் புது சென்சாரும் அதையே சொன்னது.

மெஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "லுக், பிள்ளைங்க மூணு நாளா காய் இல்லாம பருப்பு சாதம் சாப்பிடுறாங்க. திங்கட்கிழமை லாஸ்ட் சான்ஸ். அன்னைக்கும் லேட்டுன்னா வேற ஆள் பாத்துக்குறேன்" என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அரிசி டின்னைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினாள்.

மறுநாள் காய் இறக்கிவிட்டு, மதியம் வண்டியைக் காது பாயிடம் விட்டேன். ஸ்கேனர் கதையைக் கேட்டதும் அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"இன்ஜினுக்கு எதுக்குலே காது? அதான் நான் இருக்கேன்ல?"

ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார். "நல்லாத்தான பாடுது" என்றார். சுமை இல்லாததால்தான் தெரியவில்லை என்றேன். எதிர் டீக்கடையில் சும்மா இருந்த எட்டுப் பேரைப் பின்னால் ஏற்றினார். வட்டக்கானல் வரை இறங்கி, அந்தச் செங்குத்து ஏற்றத்தில் திரும்ப ஏறினோம். விளக்கு எரியவில்லை. வண்டி முயல் மாதிரி ஏறியது. எட்டுப் பேரும் இன்னொரு ரவுண்டு கேட்டார்கள். மறுநாள் மதியம் பன்னிரண்டு பேரை ஏற்றினார். அப்போதும் அப்படித்தான். ஆனால் காலையில் நான் தனியாகக் காயோடு வந்தால் விளக்கு எரிந்தது.

"காலையில படுத்துக்குது, மத்தியானம் ஓடுது. இது வண்டியா, இல்ல கவர்மெண்ட் ஆபீஸா?" என்று பாய் தாடியைச் சொறிந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை உன்கூடவே கீழ வாரேன். திங்கள் வெள்ளனே கிளம்பி நானே கேட்டுக்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

விருந்தாளி வந்திருக்கிறார் என்று என் மனைவி திங்கட்கிழமை விடியுமுன்பே எழுந்து, வழக்கமாக எனக்கு மட்டும் கட்டும் மதியச் சோற்றை அன்றைக்கு இரண்டு பேருக்குக் கட்டினாள். சந்தையில் காய் ஏற்றினோம். பாய் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். அன்றைக்கு விளக்கு டம்டம் பாறை வரைகூடப் பொறுக்கவில்லை. நாலாவது வளைவிலேயே எரிந்தது.

"நிறுத்துலே!"

இறங்கி பானெட்டைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது. இன்ஜினுக்குப் பக்கத்துச் சந்தில், கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டு, மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"சோறு பாய்."

"சோறுன்னு தெரியுது. இங்க என்ன சோலி அதுக்கு?"

குளிர்காலத்தில் மேலே போய்ச் சேர்வதற்குள் சோறு கல்லாகிவிடும். லாரி ஓட்டிய என் அப்பா இன்ஜின் சூட்டில்தான் சட்டியை வைப்பார். நானும் மார்கழி பிறந்ததிலிருந்து வைக்கிறேன். மேலே போனதும் அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஒர்க்‌ஷாப்புக்கு வருவேன். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

பாய் கேரியரை லேசாக ஆட்டினார். இன்ஜினில் மோதி 'டக் டக்' என்றது. "ஒவ்வொரு வளைவுக்கும் உன் சாம்பார் போய் இன்ஜினத் தட்டியிருக்கு. இன்னைக்கு ரெண்டாள் சோத்துக் கனம், நாலாவது வளைவுலயே தட்டிருச்சு. அந்த சென்சார் பாவம், இன்ஜின்தான் தட்டுதுன்னு நெனச்சு இழுவைய அடக்கியிருக்கு. உங்க அப்பா லாரிக்குக் காது இல்ல. இதுக்கு இருக்குலே!" தன் எதிரிக்காக அவர் பரிந்து பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

கேரியரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேட்டரி வயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டியதும் விளக்கு அணைந்தது. வண்டி பழையபடி ஏறியது. ஆனால் மணி ஓடிவிட்டிருந்தது. விடுதிக்குள் நுழையும்போது ஒன்பதே முக்கால். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"சாரி, நான் சொன்னது சொன்னதுதான்" என்று அவர் ஆரம்பித்தார்.

எனக்கு முன்னால் பாய் போய் நின்றார். ஒரு கையில் கேரியர், தலையில் குல்லா.

"சார், தம்பி மேல ஒண்ணுமில்லைங்க. தப்பு என்னுது. நாந்தான் வேலைய ஒழுங்காப் பாக்கல. அதான் வண்டி இழுக்கல. இப்பச் சரி பண்ணிட்டேன். இனிமே லேட்டானா என்னையக் கேளுங்க."

மேனேஜர் அவரைக் கண் இமைக்காமல் பார்த்தார். மேனேஜரின் காரும் பாயிடம்தான் வேலைக்கு வரும். தப்பு என்று பாய் சொல்லிக் கேட்பது அவருக்கும் அதுதான் முதல் தடவை. கடைசியில், "ஓகே, இறக்குங்க. குக் வெயிட் பண்றார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முட்டைக்கோஸ் மூட்டையோடு நான் பாயின் முன்னால் நின்றேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? சாம்பார் தட்டுச்சுன்னு சொல்லவா? சிரிச்சே உன்னைய வேலையவிட்டு எடுத்துருவாருலே."

நான் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். "சட்டையெல்லாம் கிரீஸு, தள்ளி நில்லுலே" என்றார். நான் தள்ளி நிற்கவில்லை.