பட்டன் அண்ணனின் பிரௌசர்

கோல சிலாங்கூர் வட்டாரத்திலேயே சொந்தமாக ஒரு பிரௌசர் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பட்டன் அண்ணன்தான். ஈஜோக் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலை ஆபீஸில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்தவர்.

"சொந்தமாவா? உள்ள ஓடுற எஞ்சின் வெளிநாட்டுக் கம்பெனியோடதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்துவிட்டேன்.

"லோரி எஞ்சின் ஜப்பான்காரன் செய்றான். பாடி இங்க கட்டுறோம். கதவுல யாரு பேரு எழுதியிருக்கு? நம்மாளு பேருதானே லா!"

அவர் கட்டிய பாடி முழுக்கப் பட்டன்கள். தேங்காய் அளவுக்கு, தமிழில். கோயில் கமிட்டிக்குத் 'தேவாரம்', கேன்டீன்காரருக்குக் 'கோழி விலை'. யாரும் கேட்கவே வேண்டாம். டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பார்.

எங்களுக்கு 'மேனேஜர் வர்றார்' என்று ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் சினிமா மறைந்து, செம்பனைக் குலை எடைக் கணக்கு வந்து நிற்கும். ஒருநாள் மேனேஜரே வந்து அதை அமுக்கிவிட்டார். அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. பேரை மட்டும் 'சம்சாரம் வர்றாங்க'ன்னு மாத்திடு."

ஆபீஸில் தேநீர் போடும் லெட்சுமி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரே மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் மகளின் போட்டோவையே பட்டனாக வைத்துக் கொடுத்திருந்தார் அண்ணன். அமுக்கினால் மகள் திரையில் வந்து பேசுவாள்.

அவளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று பார்த்து, உள்ளே ஓடிய பழைய எஞ்சினுக்கு அந்த வெளிநாட்டுக் கம்பெனி மூடுவிழா நடத்தியிருந்தது. போட்டோவை அமுக்கினால் வெறும் வெள்ளைத் திரை.

"புள்ள வலியில துடிக்கும் தம்பி, மூஞ்சியப் பாக்க முடியலயே!" என்று ஆபீஸுக்கு ஓடி வந்து அண்ணனிடம் அழுதார் அக்கா.

"என் கைப்பேசியில கூப்பிட்டுக் குடுத்துடலாம்ண்ணே. முடிஞ்சுது லா," என்றேன்.

"இன்னிக்கு நீ குடுப்ப. நாளைக்கு அக்கா தனியா இருக்கறப்ப யாரு குடுப்பா?"

லீவு என்பதையே அறியாத அண்ணன், அன்று லீவு போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். பழைய பாடிக்குள் புது எஞ்சினை இறக்கினார். பட்டன்கள் ஒன்றும் வேலை செய்யவில்லை. திட்டினார், பிரித்தார், மறுபடி கட்டினார். சாயங்காலம், "இப்ப அமுக்குங்கக்கா," என்றார்.

அக்கா அமுக்கினார். களைத்துப்போன மகள் சிரித்தாள். அவள் மார்பில் சிவக்கச் சிவக்க ஒரு குழந்தை, ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

இனி ஒரு மணி நேரம் பிரௌசர் பெருமைதான் என்று நான் காதைத் தயார் செய்தேன். அண்ணனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்கு அக்காவின் மூக்கு என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவரிடம் தோற்பது சுகமாக இருந்தது.