போரே அஞ்சிய கேணல்

மேன்மைதங்கிய கேணல் ஹென்னிங் அவர்களின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பாரிய பொறுப்பு, 2007ஆம் ஆண்டு, ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளரான அடியேன் புவனேந்திரனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்ததும் அடியேன்தான்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இடமில்லாமல் நின்றது. ஜெர்மன் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கேணல், இப்போது எங்கள் வட்டாரப் பொது மண்டபத்துக்குப் பொறுப்பாளர். அவர் கையெழுத்து வைத்தால் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வருடம் மண்டபம். கையெழுத்துக்குக் கடைசி நேரம், எங்கள் ஆண்டு விழாவன்று மாலை ஆறு மணி. மேடையிலேயே கையெழுத்து வைக்கச் சம்மதித்தார்.

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இப்ப ஆமிக்காரனுக்குப் பொன்னாடையோ?" என்றாள் என் மனைவி பாலாம்பிகை.

"இது நல்ல ஆமியப்பா," என்றேன்.

குறிப்பெடுக்கக் கேணல் வீட்டுக்குப் போனேன்.

"எத்தனை போர் கண்டீர்கள்?"

"ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருடமும் போர்வைப் பிரிவு."

"பதக்கம்?"

"ஒன்று. போர்வை கேட்கும் படிவத்தை ஒன்பது பிரதியிலிருந்து ஏழாகக் குறைத்தேன்."

"கட்டளையை மீறித் துணிந்து ஏதாவது?"

"எழுத்தில் வந்த கட்டளையை நான் மீறியதே இல்லை."

வீடு வந்து, 'போரே நெருங்க அஞ்சிய பெருவீரர்' என்று தொடங்கினேன். பதினாறு பக்கம் வந்தது.

மூன்றரைக்கு என்று போட்ட விழா, எங்கள் வழக்கப்படி நாலரைக்குத் தொடங்கியது. கேணல் மூன்று இருபத்தைந்துக்கே மேடையில் இருந்தார். என் குறிப்புக்கு நாற்பது நிமிடம். பிறகு கேணலுக்கு ஒன்பது பேர் ஒன்பது பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிற்றுரை. போர்த்துகிறவர்களில் ஒருவரை விட்டாலும் அடுத்த வருடம் சங்கம் இரண்டாகிவிடும். நிகழ்ச்சி நிரலில் கையெழுத்து பதினான்காவது.

ஐந்து ஐம்பதுக்குக் கேணல் பேனாவை எடுத்தார். பள்ளியை நடத்தும் கொறற்றி ரீச்சர் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணை, மனுசன் வைக்கப் போறார். வைக்க விடுங்கோ!"

"ஏலாது ரீச்சர். இன்னும் நாலு பொன்னாடை கிடக்கு."

கேணலிடம் போய், ஜெர்மனிலும் அச்சடித்திருந்த நிரலை நீட்டினேன். முழுவதும் வாசித்தார். எழுத்தில் வந்த கட்டளை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

அவருடைய முறை வந்தபோது ஒன்பது பொன்னாடைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "மணி ஆறு பத்து. இனி வைத்தால் செல்லாது," என்றார்.

"நீங்கள் மனது வைத்தால்..."

"ஆறு மணி என்ற விதியை எழுதியவனே நான்தான்."

சபை பழக்கத்தில் கைதட்டியது.

ஜேசுரட்ணம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேடைக்கு ஏறி வந்தார். பொன்னாடை போர்த்தியவர்களில் ஒருவர், இரண்டு பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கு அனுப்புகிறவர். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். அடியே விழுந்திருக்கலாம்.

"அண்ணை, என்ர பேரை வாசிக்கேக்க 'முன்னாள் பொருளாளர்' எண்டு ஏன் சொல்லேல்லை?"

பாரதூரமான பிழை. மைக்கைப் பிடித்து, சபையறிய மன்னிப்புக் கேட்டேன். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் இதே குறையோடு வரிசையில் நின்றார்கள். அவர்களிடமும் கேட்டேன். மண்டபத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் மட்டும், இனிச் சனிக்கிழமை பள்ளி இல்லை என்று துள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பதினொரு வருடமாக விழா நடத்துகிறேன். இவ்வளவு மனநிறைவோடு எழும்பிப் போன சபையை அன்றுதான் கண்டேன்.