பேய்க் கோட்டையில் என் மணல் வாளிகள்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அக்காவும் நலம். இருவரும் தனித்தனியாக நலம். சேர்ந்து நலமாக இருந்து இன்றோடு ஒன்பது நாளாகிறது. அதற்குக் காரணம் நீயும் உன் பேய்ப்படமும்தான் என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், எடிட்டிங்கில் இருக்கிறேன் அத்தான் என்று வைத்துவிடுகிறாய்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல். ஒரு குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்தாகப் பழைய கோட்டை ஒன்று வருகிறது, அதில் ஒரு பேய், நாலே நாள் ஷூட்டிங் என்று வந்து நின்றாய். கோட்டை எங்கே என்று கேட்டேன். என் வீட்டை மேலும் கீழும் பார்த்தாய். அப்போதே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் வாசல் சுவர் முழுக்கத் தெர்மோகோலில் கருங்கல் ஒட்டினீர்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அட்டையைச் சுற்றிக் கோபுரம் ஆக்கினீர்கள், குடையைக் கிழித்து வௌவால் செய்தீர்கள், அது என் குடை. நான் ஓய்வு பெற்ற அன்று தீயணைப்பு நிலையத்தில் எடுத்துக் கொடுத்த படத்துக்கு முறுக்கு மீசை வரைந்து, கண்ணுக்குக் கீழே சிவப்புச் சாயத்தை வழியவிட்டு, செத்துப்போன கொள்ளுத்தாத்தா என்று கூடத்தில் மாட்டினீர்கள். தபால்காரர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நாங்கள் எப்போது காலி செய்தோம் என்று பக்கத்து வீட்டில் விசாரித்து, எங்களுக்கு வந்த தபாலைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். இத்தனையும் பொறுத்தேன். மனைவியின் தம்பி என்றால் பொறுத்துத்தானே ஆக வேண்டும்.

ஆனால் மெழுகுவர்த்தியை எப்படிப் பொறுப்பது? பகலிலேயே இரவு வேண்டும் என்று சன்னலுக்கெல்லாம் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டாய். கம்பளிக்கு ஒரு சாண் தள்ளி நாற்பது மெழுகுவர்த்தி. சுவரெல்லாம் தெர்மோகோல், சிலந்திவலைக்குப் பஞ்சு. முப்பத்தொரு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன் வீட்டில் இப்படிச் செய்ய உனக்கு எப்படி மனம் வந்தது? கூடத்தில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, பிணமாக நடித்தவர் படுத்திருந்த அறையில் ஒன்று என்று மூன்று மணல் வாளி வைத்தேன். சிவப்பு வாளி, வெள்ளை எழுத்தில் 'தீ'. எந்த ஷாட்டை எடுத்தாலும் வாளி தெரிகிறது என்று உன் கேமராக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தெரிய வேண்டும் என்றுதானய்யா அதற்குச் சிவப்பு அடிக்கிறார்கள். நீங்கள் எடுத்து ஒளித்தீர்கள், நான் எடுத்து முன்னால் வைத்தேன். நீங்கள் டீ குடிக்கப் போன நேரங்களில் ஆளில்லாமல் எரிந்த மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தேன். அதற்கு, "ஒரே சீன்ல எரியுது, அணையுது, திரும்ப எரியுது. பேயே குழம்பிடும் அத்தான்" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேலி செய்தாய்.

கடைசி நாள் விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவுக்கு நீ கொடுத்ததே ஒரு காட்சி. கோட்டையின் செத்துப்போன எஜமானி, தரையில் புரளும் வெள்ளை அங்கி, முகத்தில் வலைத்துணி, கையில் மெழுகுவர்த்தி, படியிறங்கி வந்து ஒரே வசனம்: "இந்த வீடு என்னுடையது." அதை அவள் நான்கு நாளாகத் துணி உலர்த்தும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் பத்து விதமாகச் சொல்லிக் காட்டினாள். பத்தும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சொன்னது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது படியில் கால் வைத்தபோது அந்த வலைத்துணி சுடர்ப் பக்கமாக ஆடியது. ஒரு முழம் இடைவெளி இருந்தது என்கிறாய் நீ. இரண்டு முழம் என்கிறார் கேமராக்காரர். உட்கார்ந்து அளந்துகொள்ளுங்கள். நான் அளக்கவில்லை. தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அதன் பூட்டு ஊசியை உருவினேன், அடித்தேன். படிக்கட்டு, மெழுகுவர்த்தி, உன் அக்கா, கொள்ளுத்தாத்தா எல்லாம் மாவு மூட்டை உடைந்ததுபோல் வெள்ளையாகிவிட்டது. அவள் "இந்த வீடு" வரைக்கும் வந்திருந்தாள்.

நீங்கள் ஆறு பேரும் சிரித்தீர்கள். அவள் மாடிக்குப் போய்க் குளித்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. உன் வசனத் தாள்களின் பின்பக்கத்தில் துண்டுச் சீட்டு எழுதி வைக்கிறாள். 'சாப்பாடு மேசையில்.' நானும் 'சரி' என்று எழுதி வைக்கிறேன். மைத்துனா, நான் எத்தனையோ கிடங்குகளுக்குள் புகுந்திருக்கிறேன், புகையில் வழி தெரியாமல் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. அன்றைக்கு என் வீட்டுப் படிக்கட்டில் நடுங்கியது. ஊசி உருவ வரவில்லை, இரண்டு தரம் இழுத்தேன். இதை அவளிடம் சொல்லலாம் என்றால் துண்டுச் சீட்டில் எப்படி எழுதுவது?

இது போதாதென்று அந்த ஷாட்டைப் படத்தில் சேர்க்கப்போகிறாயாம். வெள்ளைப் புகைக்குள்ளிருந்து ஓர் உருவம் ஓடி வருவதுதான் படத்திலேயே பயங்கரமாக வந்திருக்கிறதாம், உன் மேக்கப்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதற்கு என் அனுமதி கிடையாது. இந்த வாரத்துக்குள் கோட்டையைப் பிரித்து எடுத்துப் போ. நேரில் வந்து, தப்பு முழுக்க உன்னுடையது என்று உன் அக்காவிடம் சொல். இனி கேமராவோடு இந்த வாசலை மிதிக்காதே. படத்தை என் கண் முன்னால் ஓட்டினாலும் நான் பார்க்கப்போவதில்லை.

கோபம் உன்மேல்தான், உன் பிள்ளைகள்மேல் இல்லை. அவர்களுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். நீயும் நன்றாக இரு, என் வீட்டைத் தவிர வேறு எங்காவது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: நான் உறை தேடப் போன நேரத்தில், மேசைமேல் இருந்த இந்தக் கடிதத்தை உன் அக்கா படித்துவிட்டாள். "கை நடுங்குச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இதச் சொல்ல ஒம்பது நாளா?" என்றாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. கோட்டையைப் பிரிக்க வேண்டாம். நேற்றைய காற்றில் இரண்டு கல் விழுந்தது, நானே ஒட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு வந்து சேர். அவள் வசனத்தை முழுதாக எடுக்க வேண்டும். அதோடு, நான் ஓடி வருவதையும் இன்னொரு தரம் கிட்டத்தில் வைத்து எடுக்கச் சொல்கிறாள். எனக்கு நடிக்க வராது என்றேன். "யார் உங்கள நடிக்கச் சொன்னா? அன்னைக்கு வந்த மாதிரியே வாங்க, போதும்" என்கிறாள். வாளிகள் அதே இடத்தில்தான் இருக்கும்.