கூறை கட்டிய ஹைட்ரேஞ்சியா

ரொறன்ரோக் குளிரை நேருக்கு நேர் நின்று அவமானப்படுத்திய ஒரே மனிதர் எங்கள் போர்வை அண்ணைதான். மற்றவர்கள் எல்லோரும் குளிருக்குப் பயந்து ஜக்கெற் போட்டுக்கொண்டோம். அவர் தன் செடிகளுக்குச் சேலை கட்டிவிட்டார்.

ஸ்காபரோவில் வரிசையாய் ஒட்டி நிற்கும் எங்கள் ரவுன்ஹவுஸ் வளாகத்தின் நுழைவாயிலில் ஒரு பொதுப் பாத்தி இருக்கிறது. அகன்ற இலைகளோடு ஹோஸ்டாக்கள், நடுவே ஒரு ஹைட்ரேஞ்சியாப் பூஞ்செடி. யாரும் கேட்காமலே அதைப் பொறுப்பேற்றவர், மாநகர பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற போர்வை அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

முதல் உறைபனியில் ஹோஸ்டா இலைகள் வெந்த கீரை போலச் சரிந்ததும் அடியோடு வெட்டி அள்ளுவார். விட்டால் நத்தைகள் குடியேறிவிடும் என்பார். அதன்பின் எதையும் மூடாமல், தினமும் ஒரு ஸ்குரூ டிரைவரால் மண்ணைக் குத்திப் பார்ப்பார்.

"இவ்வளவு குளிருது, இன்னும் மூடேல்லையோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மண் இறுகட்டும் தங்கச்சி. மூடுறது சூடாக்க இல்லை. நித்திரை கொண்டதை இடையில எழுப்பாமல் வைக்கத்தான். சனவரியில ரெண்டு நாள் வெயில் எறிச்சால் உதுகள் கோடை வந்திட்டுதெண்டு எழும்பிவிடும். பிறகு துலைஞ்சுது."

ஸ்குரூ டிரைவர் இறங்க மறுக்கும் நாளில் சருகைக் குவிப்பார். அதற்கு மேலே சேலை. அதுவும் எந்தச் சேலையும் இல்லை. நைலெக்ஸ் என்றால் செடிக்கு மூச்சு முட்டும். பருத்தி அல்லது சுத்தப் பட்டுத்தான் வேண்டும். வீடு வீடாகச் சென்று கேட்பார். பட்டு என்று யாராவது கொடுத்தால், ஓரத்தில் ஒரு நூலை உருவி, லைற்றரால் கொளுத்தி மணந்து பார்ப்பார். தலைமயிர் கருகும் மணம் வந்தால் பட்டு.

அடுத்த வரிசை மருமகள் ஒருத்தி, தன் கலியாணத்துக்கு மாமியார் எடுத்துத் தந்த சேலையைக் கொண்டுவந்தாள். அண்ணை கொளுத்தினார், மணந்தார், திருப்பிக் கொடுத்தார்.

"பிளாஸ்ரிக், பிள்ளை."

அந்த வீட்டில் தைப்பொங்கல் வரை இரண்டு அடுப்பு எரிந்தது.

சென்ற ஆண்டு எங்கள் வளாகத்துக்குப் புதிய பெண் முகாமையாளர் வந்தார். பாதி வருடம் மொட்டையாகக் கிடக்கும் பாத்தி எதற்கு, கிளறி எறிந்துவிட்டுக் கூழாங்கல் பரப்பலாம் என்று அறிவித்தார். அண்ணை இரண்டு நாள் நேரான தடிகள் தேடி அலைந்தார். மூன்றாம் நாள் ஹைட்ரேஞ்சியாவைச் சுற்றித் தடிகள் நட்டார். தங்கக் கரை போட்ட ஒரு சிவப்புப் பட்டை மடிப்புக் கலையாமல் சுற்றினார்.

அன்று மாலை அவர் மனைவி கேட்டது என் சமையலறை வரை கேட்டது.

"இஞ்சேருங்கோ, என்ர கலியாணக் கூறையைக் கண்டனீங்களே?"

"அது வெளியில நிக்குது."

"கூறை ஏன் வெளியில நிக்குது?"

"வாற வருச மொட்டுக்குக் குளிருமப்பா."

சிவப்புப் பட்டு, தங்கக் கரை, ஆள் உயரம். ஸ்காபரோவில் இதற்கு மேல் என்ன வேண்டும்? பஸ்ஸுக்குப் போகிற முதியவர்கள் கையுறையைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ தேசிக்காய் வைத்தார்கள். மூன்று முறை ரோட் டெஸ்ட்டில் கோட்டைவிட்ட ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போய்ப் பாஸாகி வந்தார். அதன்பின் கற்பூர மணம் ஓயவில்லை.

"உது அம்மன் இல்லை, உது ஹைட்ரேஞ்சியா," என்று அண்ணை ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"என்ன பேர் எண்டாலும் சக்தியுள்ள அம்மன்," என்றார் பாஸானவர்.

பாத்தியை அளக்க வந்த முகாமையாளர் தேசிக்காய்களைக் கண்டு தயங்கி நின்றார். இது வழிபாட்டு இடமென்றால் தான் கைவைக்கப் போவதில்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார். கூடி நின்ற நாங்கள் எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். ஒரே ஒரு 'யெஸ்' போதும்.

"நோ மேடம்," என்றார் அண்ணை. "திஸ் இஸ் பிளான்ற். அண்டர் இஸ் ஹோஸ்டா. ஒன்லி ஸ்லீப்பிங்."

முகாமையாளர் மே மாத முடிவுவரை தவணை கொடுத்தார். அதற்குள் பச்சை தெரியாவிட்டால் கூழாங்கல்.

"ஓம் எண்டு சொல்லியிருந்தால் அலுவல் முடிஞ்சிருக்கும், அண்ணை," என்றேன்.

"சாமியின்ர பேரைச் சொல்லி என்ர ஹோஸ்டா பிழைக்க வேண்டாம், தங்கச்சி. அது தன்ர வேரில பிழைக்கும்."

ஏப்ரலில் சேலைகளை அவிழ்த்தார். தெரு முழுவதும் டியூலிப் பூத்தது. எங்கள் பாத்தியில் மண்தான் இருந்தது. மே பிறந்தும் மண்தான். அண்ணை காலையிலும் மாலையிலும் வந்து குந்தியிருந்து பார்த்தார். பாஸானவர் நல்ல நோக்கத்தோடு மறுபடி ஒரு தேசிக்காய் வைத்தார். அண்ணை அதை எடுத்துப் போய்த் தேசிக்காய்த் தண்ணி போட்டுக் குடித்தார்.

மே நடுவில் ஒரு காலை, என் வாசல் மணி அடித்தது. அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றார்.

"வெளியில வா தங்கச்சி. ஆக்கள் வந்திட்டினம்."

மண்ணைப் பிளந்துகொண்டு ஊதா நிறத்தில், சுருட்டுகள் போலக் குத்திட்டு நின்றன ஹோஸ்டா முளைகள். ஒன்றுகூடத் தவறவில்லை. முகாமையாளர் வந்து பார்த்தார், படம் எடுத்தார், கூழாங்கல்லைப் பற்றி எதுவும் பேசாமல் போனார். யூலையில் ஹைட்ரேஞ்சியா தலை கொள்ளாமல் பூத்தது. அண்ணையின் மனைவி அதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கூறை என்னைவிட உவவுக்குத்தான் பொருத்தம்."

இந்த நவம்பரிலும் ஸ்குரூ டிரைவர் இறங்கவில்லை. அண்ணை கேட்குமுன்பே என் மயில் கழுத்துப் பச்சைப் பட்டை எடுத்துக் கொடுத்தேன். லைற்றர் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. என் சேலைக்கு அவர் அதை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களை இப்போது நான் நுழைவாயிலிலேயே நிறுத்திவிடுகிறேன். அந்தப் பச்சை என்னுடையது என்று காட்டுகிறேன். பக்கத்தில் குந்தியிருக்கிற மனிதர் எங்களுடையவர் என்றும் சொல்கிறேன்.